பனி ஈரத்தோடு அறுத்த காராமணி

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாட்டுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று மார்கழி பிறந்தபோதே எனக்குத் தோன்றிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் தடுக்க ஆளில்லாமல் போய்விடும் என்று இன்னொரு பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

தோன்றியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் எதிர்வீட்டுப் பசு, மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் செத்தது. குளிப்பாட்டி, கொம்புக்கு நீல வண்ணம் பூசி, கழுத்தில் நெட்டி மாலை கட்டி, ஒரு பேசின் நிறையப் பொங்கலை அதன் முன்னால் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் வயிறார தின்னட்டும் என்று ஆசையாக வைத்ததுதான். அது தின்றது. சாயங்காலம் படுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து, அரிசி வயிற்றுக்குள் போய்ப் புளித்துவிட்டது என்றார். டிராக்டர் டிப்பரில் ஏற்றும்போது கொம்பு அதன் விளிம்பில் உரசி ஒரு நீலக் கோடு விழுந்தது. நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கோடு வருஷம் முழுக்க என் கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே மாடு. சிவப்பு நிறக் கலப்பினம், நெற்றியில் மட்டும் வெள்ளை. மூன்று தடவை சினை ஊசி போட்டு நிற்காமல் நான்காவது தடவைதான் நின்றது. தை பிறந்தபோது அதற்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. வலப்பக்க வயிற்றில் கை வைத்தால் கன்று உதைப்பது தெரியும். காலையில் கொட்டகைக்குப் போனதும் முதல் வேலை அங்கே கை வைப்பதுதான். அது ஒரு தடவை உதைத்த பிறகுதான் எனக்குக் காபி. உதைக்கத் தாமதமானால் காபி ஆறிப்போகும்.

வீட்டுக்காரர் சிதம்பரத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். கோயிலைச் சுற்றியிருக்கிற வீதிகளில் கடைகளுக்குச் சரக்கு இறக்குவது அவர் வேலை. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் தம்பி அடுத்த தெருவில் இருக்கிறான். அவனுக்கும் அவர் மாமா. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அவர்கள் வாய்க்கு நான்தான் கிடைப்பேன்.

“மச்சான், ஒங்கக்கா இன்னா பண்றா தெரியுமா? தண்ணி டேங்கு ஒடைஞ்சி விழுந்துடும்னு அத சுத்திக்கிட்டுப் போறா.”

“எந்த டேங்கு மாமா?”

“அதான்டா, கொட்டாய்க்குப் பின்னாடி நாலு செங்கல்லு மேல இருக்குதே. விழுந்தா அவ கணுக்காலு நனையும்.”

“நனைஞ்சா சளி புடிக்கும்ல மாமா. அக்கா அதயும் யோசிச்சிருக்கும்.”

டேங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நிலமும் அப்படித்தான். வெள்ளாற்றுக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைசி மடையில் எங்களுக்கு இரண்டு காணி. தண்ணீர் வருவதும் கடைசி, வடிவதும் கடைசி. வெள்ளம் நின்று நின்று, யூரியா கொட்டிக் கொட்டி, மண் கட்டிதட்டிப் போயிருந்தது. காய்ந்தால் மேலே உப்புப் பூத்ததுபோல வெள்ளை படியும். மண்வெட்டி போட்டால் கை அதிரும். மழைக்காலத்தில்கூட ஒரு மண்புழுவைப் பார்க்க முடியாது. இந்த மண் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னால், “மண்ணு எப்பிடிடி சாவும், அதுக்கு மேல எங்க கொண்டுபோயி பொதைக்கிறது” என்பார் மாமா.

அதனால்தான் மஞ்சக்குப்பம் மைதானத்தில் விவசாயக் கண்காட்சி என்று கேள்விப்பட்டபோது, அவரிடம் கேட்காமல் பஸ் ஏறிக் கடலூருக்குப் போனேன். பயறுவகைச் செடிகளைத் தொட்டி தொட்டியாக வைத்திருந்த ஒரு பந்தலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா நின்றிருந்தார். அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தாளில் பாதிக்கு மேல் புரியவில்லை. வாயால் சொல்லச் சொல்லி, பையில் இருந்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கிழித்த தாள்களை நான் எறிவதில்லை. எதற்காவது தேவைப்படும்.

“பயறு இனம் எதுவா இருந்தாலும் காத்துல இருக்கிற சத்த இழுத்து வேர்ல சேத்து வைக்கும்மா” என்றார் அந்த அம்மா. “தக்கைப்பூண்ட வளத்து மடக்கி உழுங்க, அது மண்ணுக்கு. காராமணிய அறுத்துப் போடுங்க, அது மாட்டுக்கு. அறுத்த பொறவு வேரு மண்ணுக்கு.”

“இதால கெடுதல் எதுனா வருமா?”

“அளவா போட்டா ஒண்ணும் வராது.”

“அளவு மீறிட்டா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். எத்தனை மூட்டை விளையும், எங்கே விதை கிடைக்கும் என்றுதான் கேட்டிருப்பார்கள். பிறகு பொறுமையாகச் சொன்னார். நான் எழுதினேன். பூ எடுக்கும்போது அறுக்கணும். முதல் நாள் சாயங்காலம் அறுத்து வாடவிட்டு மறுநாள் போடணும். ஒரு பங்கு காராமணிக்கு மூணு பங்கு வைக்கோல் கலக்கணும். பனி ஈரத்தோட போடக்கூடாது. வெறும் வயித்துல போடக்கூடாது. கடைசி இரண்டுக்கும் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தத் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாட்டுக் கொட்டகைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன். தம்பி வந்து படித்துப் பார்த்தான்.

“மாடு படிச்சிக்குமாக்கா?”

ஆடியில் வயலில் தக்கைப்பூண்டு விதைத்தோம். இடுப்பு உயரம் வந்து, மஞ்சளாகப் பூ தெரிந்ததும், ஆவணியில் தண்ணீர் கட்டி டிராக்டர் விட்டு மடக்கி உழுதோம். அவ்வளவு பச்சையைச் சேற்றுக்குள் அமுக்குவதைப் பார்க்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து வரப்பில் போனால் நாற்றம். செத்த எலியைப் பானையில் போட்டு மூடித் திறந்தது போன்ற நாற்றம். சேற்றில் கால் வைத்தால் அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்து உடைந்தது. உள்ளே ஏதோ மூச்சு விடுவது மாதிரி இருந்தது. வயலையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

“அக்கா, யாரனா பொதைச்சிட்டியா இன்னா?” என்றான் தம்பி, மூக்கைப் பொத்திக்கொண்டு. “மாமா வேற ரெண்டு நாளா காணும்.”

மாமா நாகப்பட்டினத்துக்கு லோடு எடுத்துப் போயிருந்தார்.

ஆனால் நட்ட சம்பா கரும்பச்சையாக எழும்பியது. யூரியா பாதிதான் போட்டோம். ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்டபோது, வீட்டை ஒட்டி, வைக்கோல் போர் பக்கத்து மேட்டுத் துண்டில் மாட்டுக்காகக் காராமணி போட்டேன். முளைத்து ஒரு மாதம் ஆனபோது செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சு. நோய் விழுந்துவிட்டது என்று பதறி வேகவேகமாக இரண்டு வரிசையைப் பிடுங்கி எறிந்தேன். அப்புறம்தான் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே ரத்தச் சிவப்பு. கண்காட்சி அம்மா சொன்னது ஞாபகம் வந்தது: சிவப்பாக இருந்தால் வேர் உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்லதுதான். ஆனாலும் ஒரு செடியின் வேரில் ரத்தம் போல நிறம் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விரலை இரண்டு தடவை கழுவினேன்.

மார்கழி முழுக்கத் தாளில் எழுதியிருந்தபடியே செய்தேன். சாயங்காலம் அறுப்பேன், கொட்டகைக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் பரப்புவேன், மறுநாள் வெயில் ஏறிய பிறகு வைக்கோலோடு கலந்து போடுவேன். மாட்டின் மேல் பளபளப்பு வந்தது. கன்று உதைப்பதும் பலமாக இருந்தது. எல்லாம் நன்றாக நடக்கும்போதுதான் எனக்குத் தூக்கம் கெடும்.

பெரும் பொங்கலன்று சாயங்காலம் அரிவாளை எடுத்தேன். மாமா தடுத்தார்.

“நல்ல நாளும் அதுவுமா வெளக்கு வெக்கிற நேரத்துல அரிவாளத் தூக்கிக்கிட்டுப் போற. வையி உள்ள.”

வைத்துவிட்டேன். அதனால் மறுநாளுக்கு வாடிய காராமணி இல்லை. வைக்கோல் போரும் கார்த்திகை மழையில் அடியில் பூசணம் பிடித்து, நல்லதாக ஒரு வேளைக்குக்கூடத் தேறாது. புது வைக்கோல் சம்பா அறுத்தால்தான் வரும். அந்த நேரத்தில் தம்பி இரண்டு கிலோ பச்சரிசிப் பையோடு வந்து நின்றான்.

“நாளைக்கு மாட்டுக்குத் தனிப்பானை. எம் பங்கு. சினை மாடு, ரெண்டு உயிரு. நல்லா தின்னட்டும்.”

“ஒரு கைப்பிடிக்கு மேல வெச்சன்னா பாரு.”

“ஏன்க்கா, வருஷத்துக்கு ஒரு நாளு. அதுக்கும் ஆசை இருக்காது?”

மாமாவும் அவன் பக்கம்தான். எதிர்வீட்டு மாட்டைச் சொன்னேன். “அது வேற மாடு” என்றார். அன்று படுத்தும் கண் மூடவில்லை. இருவரும் சேர்ந்து நான் உள்ளே போன நேரம் பார்த்துப் பானையை அப்படியே கவிழ்த்துவிடுவார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. தின்ன வாய் வைத்த மாட்டை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் வயிறு நிறைந்திருந்தால் அதுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பொங்கல் வைக்கும் முன்னால் அதன் வயிற்றை நிரப்பிவிட வேண்டும். விடிகிற நேரத்தில் எனக்குக் கிடைத்த புத்தி அது.

வெளியே வந்தால் பனி. எதிர்வீடு தெரியவில்லை. தெருவிளக்கு மட்டும் பால் கலந்த மாதிரி ஒரு வட்டமாகத் தெரிந்தது. காராமணி இலைகள் பனி மூடி வெளுத்திருந்தன. உள்ளே இறங்கியதும் புடவை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. அறுத்தேன். இளசு. அரிவாள் போவதே தெரியவில்லை, சத்தமில்லாமல் விழுந்தது. அள்ளிய கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

இரவெல்லாம் வெறும் வயிற்றோடு நின்ற மாடு, முதல் கட்டைப் போட்டதும் தலையைத் தூக்காமல் தின்றது. இரண்டாவது கட்டைப் போட்டேன். மூன்றாவது கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது தூணில் இருந்த தாளைப் பார்த்தேன். கவரின் மேலும் பனி படிந்து எழுத்து மங்கலாக இருந்தது. ஆனால் எனக்கு அது மனப்பாடம். இன்று ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதையும் போட்டேன்.

ஏழரை மணிக்கெல்லாம் மாட்டைக் குளிப்பாட்டி, மாமா கொம்புக்கு வண்ணம் பூச உட்கார்ந்தார். நீலம் வேண்டாம் என்று சொல்லிப் பச்சை வாங்கி வைத்திருந்தேன். தம்பி மூன்று கல்லைக் கூட்டி அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். பனி விலகி வெயில் மஞ்சளாக விழ ஆரம்பித்தது. ஒரு கொம்பு முடிந்தது. மாடு பின்னங்காலால் தன் வயிற்றையே ஒரு தடவை உதைத்தது.

“நில்றி” என்றார் மாமா.

மறுபடி உதைத்தது. படுத்தது. உடனே எழுந்தது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது, நூல் நூலாக எச்சில் ஒழுகியது. நான் இடப்பக்கம் வந்து பார்த்தேன். இடுப்பெலும்புக்கு முன்னால் எப்போதும் ஒரு குழி இருக்கும். அந்தக் குழி இல்லை. அந்த இடம் மேடாக எழும்பி முதுகெலும்புக்குச் சமமாக வந்திருந்தது. தட்டினேன். காலி டின்னைத் தட்டிய மாதிரி கேட்டது.

நான் தம்பியிடம் போனேன்.

“பொங்கல வெச்சியாடா?”

“இன்னாக்கா சொல்ற, அடுப்பே இப்பதான மூட்டுறேன். அரிசி அங்க ஊறுது பாரு.”

“நேத்துப் பொங்கல எடுத்தாந்து வெச்சிருப்ப.”

“எம் புள்ள மேல சத்தியமா இல்லக்கா.”

“வெச்சிட்டு இல்லன்ற.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வைத்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் வைத்திருக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேன்.

மாட்டு ஆஸ்பத்திரிக்கு அன்று லீவு. மாமா டாக்டரின் செல்லுக்குப் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டர் குடும்பத்தோடு திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தார். பின்னால் மணிச் சத்தமும் ஜனங்கள் பேசுகிற இரைச்சலும் கேட்டன.

“கெளம்பி வர்றேன். ஆனா வந்து சேர ஒண்ணரை மணி நேரம் ஆவும். அது வரைக்கும் நீங்கதான் பாக்கணும். இன்னா தின்னுச்சு?”

“பொங்கலாத்தான் சார் இருக்கும்” என்றார் மாமா.

“எவ்ளோ?”

மாமா தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

“சரியா சொல்லுங்க. அரிசின்னா ஒரு வைத்தியம், பச்சைன்னா வேற வைத்தியம். மாத்திப் பண்ணிடாதீங்க. சினை மாடு வேற.”

மாட்டின் மூச்சு மட்டும் கேட்டது. வாய் வழியாக, அறுக்கிற மாதிரி ஒரு மூச்சு. நாக்கு வெளியே தொங்கியது. மணி அடிக்கிற சத்தம் செல்லில் இருந்து வந்துகொண்டிருந்தது. எத்தனை நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். பத்து மூச்சு இருக்கும். இருபது கூட இருக்கலாம். அரிசி என்றே இருந்துவிட்டால் என்ன என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அதை நான் மறைக்கப்போவதில்லை. எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

செல்லை மாமா கையிலிருந்து வாங்கினேன்.

“பச்ச காராமணி சார். நாந்தான் போட்டேன். மூணு கட்டு. பனி ஈரத்தோட. வெறும் வயித்துல.”

தூணில் எழுதியிருந்தது அப்படியே என் வாயிலிருந்து வந்தது.

டாக்டர் திட்டவில்லை. அவர் குரல் வேகமானது. “உள்ள காத்து நுரையா கட்டிக்கிட்டு இருக்கும். எண்ணெ போனாதான் நுரை ஒடையும். கடலெண்ணெ, நல்லெண்ணெ எதுவா இருந்தாலும் சரி, அரை லிட்டர். பாட்டில்ல ஊத்திக் கடவாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. தலைய ரொம்பத் தூக்காதீங்க, பொரையேறிச்சின்னா நுரையீரலுக்குப் போயிடும். வேப்பங்குச்சி ஒண்ண வாய்க்குக் குறுக்க வெச்சிக் கொம்போட சேத்துக் கட்டுங்க, மென்னுகிட்டே இருக்கட்டும். முன்னங்காலு மேட்டுல இருக்கிற மாதிரி நிறுத்துங்க. படுக்க மட்டும் உட்ராதீங்க.”

உள்ளே ஓடினேன். எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் ஒரு டம்ளர் வந்தது. மீதி எல்லாம் வடை சுட்ட சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன், ஆனால் அது எப்போது ஆறுவது. தம்பி ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். கடை எதுவும் திறக்கவில்லை. வீடு வீடாக நுழைந்து கேட்டான். அன்று எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, எல்லாரும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்கள். எதிர்வீட்டம்மா, நல்லெண்ணெய் பாட்டிலை அப்படியே எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வந்துவிட்டாள். எங்கள் மாட்டைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

மாமா கடைவாயில் பாட்டிலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பாதி வெளியே வழிந்தது. தம்பி குச்சியைக் கட்டினான். கொட்டகை வாசலில் சாணிக்குழி வெட்டிய மண் மேடாகக் கிடந்தது. அதன் மேல் முன்னங்காலை ஏற்றி நிறுத்தினோம். மாடு நடுங்கியது. இரண்டு பேரும் இடப்பக்கம் தோள் கொடுத்து வயிற்றைக் கையால் அழுத்தித் தேய்த்தார்கள். நான் வலப்பக்கம் நின்று கை வைத்தேன். அந்தப் பக்கம் கல்லாக இருந்தது. இடப்பக்கக் காற்று உள்ளே எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து என் கைமேல் நின்றது. அதற்கு நடுவில் எங்கேயோதான் கன்று இருக்க வேண்டும். உதைக்கவில்லை.

மாமா என்னை ஒன்றும் கேட்கவில்லை. டேங்குக்குச் சிரிக்கிறவர், மண்ணுக்குச் சிரிக்கிறவர், அன்று என் பக்கம் திரும்பாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். பூசாத ஒரு கொம்பும் பூசிய ஒரு கொம்புமாக மாடு நின்றது. பூசிய கொம்பின் பச்சை இன்னும் காயாமல் தம்பி சட்டையில் ஒட்டியிருந்தது.

வயலில் சேற்றுக்குள் தக்கைப்பூண்டு அழுகிக் கொப்புளம் விட்டதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அங்கே அது வெளியே வர வழி இருந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மாட்டின் கழுத்தில் ஒரு உருண்டை கீழேயிருந்து மேலே ஓடியது. வாயிலிருந்து நுரையோடு ஒரு ஏப்பம் வந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து. நாற்றம் முகத்தில் அடித்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஆவணியில ஒன் வயலு நாறுச்சே, அதே நாத்தம்க்கா.”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. மாமா தேய்த்துக்கொண்டே இருந்தார். “உடு, உடு” என்று மாட்டின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் உண்மையைச் சொன்ன பிறகு அவர் முதலில் பேசியது மாட்டோடுதான்.

டாக்டர் வந்தபோது மணி பத்து இருக்கும். நெற்றியில் திருமண் கலையாமல் அப்படியே வந்திருந்தார். வயிற்றைக் குத்திக் காற்றை இறக்குகிற நீளமான ஊசிக்குழாய் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் தட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்து, குழாயைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

“எறங்குது. குத்த வேணாம். இன்னும் கொஞ்சம் முன்னாடி எண்ணெ போயிருந்தா இவ்ளோ கஷ்டப்பட்டிருக்காது.”

அந்தப் பத்து மூச்சைத்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு வலப்பக்கம் வந்து கையை வைத்தார். கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தார். முஷ்டியால் மெல்லத் தள்ளிவிட்டு மறுபடி வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கன்னு சார்?”

“இப்ப அசையல. மாட்டுக்கு மூச்சு முட்டுனா கன்னுக்கும் முட்டும். தூங்கவும் செய்யும்மா. ரெண்டு மூணு நாளு பாப்போம். கெட்ட வாடையா எதுனா ஒழுகுனா ஒடனே போன் பண்ணுங்க.”

அன்று எங்கள் கொட்டகையில் பொங்கல் பொங்கவில்லை. ஊறிய அரிசியைத் தம்பி அப்படியே எடுத்துக்கொண்டு போனான். அவனைக் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

மறுநாள் மாடு அசைபோட ஆரம்பித்தது. மாமா வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது, “அந்தக் காராமணிய வேரோட புடுங்கிப் போட்டுடு. வேணாம் அது” என்றார். நான் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை கை வைத்தேன். ஒன்றுமில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். அந்த நாளும் போனது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம், புண்ணாக்குத் தண்ணீர் வைக்கும்போது மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு நின்றேன். என் விலாவில் ஒரு இடி விழுந்தது. முதலில் மாடு அசைந்தது என்று நினைத்தேன். மறுபடியும் விழுந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பிக்குப் போன் பண்ணினேன். நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுத்தான்.

“ஒதைக்குதுடா.”

“இன்னாது?”

“கன்னு.”

“ஒன்னயா, மாட்டையா?” என்று கேட்டான். சரியாகிவிட்டான் என்று தெரிந்தது.

சாயங்காலம் காராமணியைப் பிடுங்கத்தான் போனேன். முதல் செடியை இழுத்ததும் வேரில் முடிச்சு கொத்துக் கொத்தாக வந்தது. கிள்ளினேன். சிவப்பாகத்தான் இருந்தது. வைக்கோல் தீர்ந்துபோயிருந்தது. கடைசி மாதத்தில் இருக்கிற மாட்டை எதைக் கொடுத்து நிற்கவைப்பது. அறுத்தேன். ஒரு நாள் போதும் என்று தாளில் இருந்தது. நான் இரண்டு நாள் வாடவிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய வைக்கோலில் ஒரு கைப்பிடி கலந்து போட்டுவிட்டு, அது தின்று முடித்து அசைபோடும்வரை இடப்பக்கக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமா வந்து பார்த்தார். புடுங்கச் சொன்னேனே என்று கேட்கவில்லை. அவரும் பக்கத்தில் நின்று குழியைப் பார்த்தார்.

மாசியில் கன்று போட்டது. கிடேரி. நெற்றியில் வெள்ளை. எழுந்து நிற்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அந்த அரை மணி நேரமும், மூச்சு முட்டியதில் காலுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நின்றுவிட்டது. இப்போது ஓடுகிறது. ஓடும்போது இடது பின்னங்கால் கொஞ்சம் வெளியே விலகுகிறது என்று எனக்குத் தோன்றும். டாக்டர் இல்லை என்கிறார்.

மறுபடி மார்கழி பிறந்திருக்கிறது. இந்தத் தடவையும் ஆடியில் தக்கைப்பூண்டு விதைத்து ஆவணியில் மடக்கி உழுதோம். வயலில் மண்வெட்டி இறங்குகிறது, ஒன்றிரண்டு மண்புழு கண்ணில் படுகிறது. மேட்டுத் துண்டில் காராமணி தழைத்து நிற்கிறது. தூணில் புதுத் தாள் மாட்டியிருக்கிறேன். எல்லா வரிக்கும் கோடு போட்டிருக்கிறேன்.

இன்று விடியற்காலை கொட்டகைக்குப் போனேன். பனி. மாடு மேட்டுத் துண்டு இருக்கிற பக்கம் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கயிறு விறைத்திருந்தது. அதற்கு எதுவும் ஞாபகம் இல்லை. மூக்கு விடைக்க, ஈரக் காராமணியின் வாசனையை இழுத்துக்கொண்டிருந்தது. கன்றும் பக்கத்தில் நின்று அதே பக்கம் பார்த்தது.

கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். பாதி வழியில் திரும்பிப் போய், அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.